சூடு ஆறியும் அணையாத பொட்டு லைட்டு

திருப்பரங்குன்றத்தில் பெயரைச் சொன்னால் என்னை யாருக்கும் தெரியாது. மைக் செட்டுக்காரர் தங்கச்சி என்றால் தெரியும். எண்பதுகளின் தொடக்கம் அது. சன்னதித் தெருவை ஒட்டிய சந்தில் என் அண்ணன் மைக் செட் வாடகைக் கடை வைத்திருந்தான். அப்போதெல்லாம் அடுத்தவர்களிடம் பேசும்போது அவனை ‘அவர்’ என்றுதான் சொல்வேன். இப்போது அந்த மரியாதை வாயில் வரமாட்டேன் என்கிறது. வராவிட்டால் போகட்டும்.

முன்னால் கடை, பின்னால் ஒற்றை அறையில் எங்கள் குடித்தனம். அப்பாவும் அம்மாவும் மேற்கே செக்கானூரணிப் பக்கம் காட்டுவேலையில் இருந்தார்கள். நான் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருவது ஆகாத காரியம் என்பதால் அண்ணனோடு தங்கினேன். சோறு பொங்குவது என் பொறுப்பு. நான் படிக்கும்போது கடையில் பாட்டுச் சத்தத்தைக் குறைத்து வைப்பது அவன் பொறுப்பு. மைக் செட்டுக்காரன் சத்தத்தைக் குறைப்பது என்றால் சும்மாவா? அம்புட்டுப் பாசமாக இருந்தான். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் பொய் சொன்னவள் ஆவேன்.

குன்றத்தில் முகூர்த்த நாள் வந்துவிட்டால் எங்கள் சந்தில் காலை வைக்க இடமிருக்காது. ஒரே நாளில் எத்தனையோ கல்யாணம். விடிவதற்கு முன்பே ஆம்ப்ளிபயரை முடுக்கிவிட்டால் பந்தி முடிகிற வரை அது ஓடும். அண்ணனிடம் இருந்தது பழைய வால்வு செட். உள்ளே கண்ணாடிக் குழாய்கள் செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருக்கும். மேல்மூடியில் கை வைக்க முடியாது. மைக் செட்டுக்காரர்கள் எல்லோருமே அந்தச் சூட்டைத் தங்கள் வசதிக்கு வைத்துக்கொண்டார்கள். டீ கிளாஸை மூடிமேல் வைத்தால் ஆறாது. மழைக்காலத்தில் ஈரத்துண்டை அதன்மேல் விரித்தால் அரைப்பந்தி நேரத்தில் காய்ந்துவிடும். ஒரு கல்யாண வீட்டில் அண்ணன் அப்பளத்தையே அதன்மேல் வைத்து நமத்துப்போகாமல் காப்பாற்றினான்.

எனக்கு அந்தச் சூடு உறுத்திக்கொண்டே இருந்தது. பாட்டுக்கென்று கொடுக்கிற கரண்டில் பாட்டாகப் போவது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் சூடாகிக் காற்றில் போகிறது. வகுப்பில் அதைத்தான் படித்தேன், வீட்டில் அதன்மேல் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அந்தச் சூட்டைப் பிடித்து மறுபடியும் கரண்டாக்க வழி உண்டு என்பதும் பாடத்திலேயே இருந்தது. இரண்டு வேறு வேறு உலோகக் கம்பிகளை முனையோடு முனை ஒட்டி, ஒரு முனையைச் சூட்டிலும் மறு முனையைக் குளிர்ச்சியிலும் வைத்தால் துளி மின்சாரம் பிறக்கும். ஒரு ஜோடியில் பிறப்பது கணக்கிலேயே வராது. நூற்றுக்கணக்கான ஜோடிகளை வரிசையாகக் கோத்தால் ஏதோ தேறும்.

ஒரு நாள் சாப்பிடும்போது அண்ணனிடம் சொன்னேன்.

“ஏத்தா, இந்தச் சூட்டுல கரண்டு வருமா? நெசமாவா?” என்றான்.

“வரும்ணே. கொஞ்சூண்டு வரும்.”

“கொஞ்சூண்டுன்னா எம்புட்டு?”

“ஒரு பொட்டு லைட்டு எரியிற அளவுக்கு.”

“அடி ஆத்தி! அப்ப நான் இம்புட்டு நாளா கரண்டுமேலயா துண்டு காயப்போட்டேன்?” என்று தட்டில் கையை வைத்தபடியே சிரித்தான். அன்றைக்கே முடிவாகிவிட்டது. வேலையில்லாத நாள்களில் ஒரு ஆம்ப்ளிபயர் எனக்கு.

பொட்டு லைட்டு என்பது டவுன் ஹால் ரோட்டு ரேடியோ சாமான் கடையில் அப்போது புதிதாக வந்திருந்த சின்னச் சிவப்பு விளக்கு. எல்.இ.டி. என்று எங்கள் துறைத் தலைவி அம்மா சொல்வார். கடைக்காரர் பொட்டு லைட்டு என்பார். குறைந்த கரண்டிலேயே எரியும், அதனால்தான் அதை எடுத்தேன். கம்பிக்கு, ஆய்வுக்கூடத்தில் மிச்சமிருந்த யுரேகா என்ற கலப்பு உலோகக் கம்பிச் சுருளைத் துறைத் தலைவி கொடுத்தார். இரும்புக் கம்பி ஆணிக்கடையில் கிடைத்தது. ஒட்டுவதற்குத்தான் திண்டாட்டம். ஈயப்பற்று வால்வுச் சூட்டில் இளகிவிட்டது. நகைக்கடைத் தெருவில் ஊதுகுழலும், ஆசாரிகள் பற்றவைக்கப் போடும் வெங்காரமும் வாங்கி வந்து வெள்ளிப் பொடி வைத்து நானே பற்றவைத்துப் பழகினேன். விரல்நுனியெல்லாம் சுட்டுக்கொண்டேன். புகையில் கண் எரியும், கன்னம் வலிக்கும், ஊதி ஊதி வாய் கோணிக்கொள்ளும். அண்ணன் கண்ணாடியைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே காட்டி, “மாப்ள வீட்டுக்காரங்க வந்தா இப்படியே நில்லுத்தா, ஓடிப்போயிருவாங்க” என்பான்.

பால்பவுடர் டப்பாத் தகரத்தை வளைத்து வால்வைச் சுற்றி ஒரு வளையம். அதன்மேல் கரண்டைக் கடத்தாத மைக்கா தகடு. அதன்மேல் சூட்டு முனைகள். குளிர்ச்சிக்கு ஒரு மண் கலயம் நிறையத் தண்ணீர். கலயத்தின் வெளிப்புறம் ஈரம் கசிந்து ஜில்லென்று இருக்கும். அதைச் சுற்றி மறு முனைகள். கடைசி இரண்டு கம்பிகள் ஒரு சின்ன மரப்பெட்டிக்குள் போகும். பெட்டியின் முகப்பில் பொட்டு லைட்டு. சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் ஒரே ஒரு ஒட்டு விட்டாலும் மொத்தமும் செத்துவிடும். எந்த ஒட்டு என்று தேடுவதற்குள் உயிர் போய்விடும்.

எத்தனையோ தடவை எரியாமல் ஏமாற்றியது. பிறகு ஒரு சாயங்காலம் வால்வு சூடேற ஏற அந்தப் பொட்டு மெதுவாகச் சிவந்தது. முதலில் நான் நம்பவில்லை. வெளி வெளிச்சம் பட்டு மின்னுகிறதோ என்று கதவைச் சாத்தினேன். எரிந்தது. ஆம்ப்ளிபயரை அணைத்தேன். சூடு ஆற ஆற விளக்கும் மங்கி மங்கி அணைந்தது. சூட்டில்தான் எரிகிறது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? அண்ணன் சந்தில் ஓடிப்போய் டீக்கடைக்காரர், பூக்கடைக்காரர், எதிர்வீட்டு அம்மா எல்லோரையும் இழுத்துவந்தான். “எந்தங்கச்சி சூட்டுல லைட்டு எரியவிட்டிருக்கு, வந்து பாருங்க” என்று ஒவ்வொருவருக்கும் அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டச் சொன்னான். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அவனுக்கும் வந்தது. அது பொய்யழுகை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

அந்த மாதத்திலேயே மாமா பேச்செடுத்தார். மாமா என்றால் அம்மா கூடப் பிறந்தவர். அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மாமா மகள்மேல் அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே கிறுக்கு. ஊருக்கே தெரியும். ஆனால் எங்கள் பக்கம் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதுதான் வழக்கம். அவர் மகள் எங்கள் வீட்டுக்கு வரவேண்டுமென்றால் நான் அவர் மகனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போகவேண்டும். ஒரே பந்தல், இரண்டு தாலி. ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும். மாமா அதை ஒளிவுமறைவில்லாமல் போட்டு உடைத்தார்.

அதே நேரத்தில்தான் துறைத் தலைவி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து ஆள் வருகிறார்கள், கல்லூரிக் கண்காட்சியில் மாணவிகள் செய்த பொருள்களைப் பார்ப்பார்கள், பிடித்துப்போன ஒருத்தியைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள். இரண்டு வருஷம் அங்கேயே தங்கி வேலை. பிறகு அங்கேயே மேலே போகலாம். “உன்னோடது மாதிரி யாரும் செய்யலம்மா. உனக்குத்தான் கிடைக்கும்” என்றார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஆய்வுக்கூடத்துக்குப் போகவேண்டும். வாழ்க்கையில் அப்படி ஒன்றை நான் அதற்கு முன்னும் ஆசைப்பட்டதில்லை, பின்னும் ஆசைப்பட்டதில்லை.

ஊருக்குப் போய்க் கூடி உட்கார்ந்து பேசினோம். மாமாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. “ரெண்டு வருசமா? எம் மகளுக்கு வத்தலக்குண்டுல இருந்து ஒரு எடம் கேட்டு வந்துக்கிட்டே இருக்கு” என்றார்.

அண்ணன் எழுந்து நின்று சொன்னான்: “தங்கச்சி போயிட்டு வரட்டும் மாமா. நான் காத்திருக்கேன்.”

“நீ காத்திருப்ப மாப்ள. எம் மக எதுக்குக் காத்திருக்கணும்?”

கடைசியில் அப்பா தீர்ப்புச் சொன்னார். “மெட்ராசுக்காரங்க கூப்பிட்டா எம் மக போவா. கூப்பிடலைன்னா வார தையில ரெண்டு கல்யாணமும் ஒண்ணா நடக்கும். இதுக்கு மேல பேச்சில்ல.” மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். திரும்பி வருகிற பஸ்ஸில் அண்ணனிடம், “ஒனக்கு வருத்தமாண்ணே?” என்று கேட்டேன். “போடி பைத்தியம். நீ பெரிய ஆளா வா, அது போதும்” என்றான். நான் அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

கண்காட்சிக்கு முன் வீட்டில் ஒத்திகை பார்த்தோம். அண்ணன்தான் மெட்ராஸ் அதிகாரி. கைலிமேல் கல்யாணக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, எதிர்வீட்டு அம்மாவின் மூக்குக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு வந்தான். கம்பியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஏம்மா, உள்ளுக்குள்ள பேட்டரி வைக்கலைன்னு நான் எப்படி நம்புறது?” என்று குரலை மாற்றிக் கேட்டான்.

“ஆம்ப்ளிபயரை அணைச்சுக் காட்டுறேன் சார். சூடு ஆறுனா லைட்டு தானா மங்கி அணைஞ்சுபோகும்” என்றேன்.

“பலே! இதைக் கடைசியா செய்யித்தா. எல்லாரும் வாயடைச்சுப் போயிருவாங்க” என்றான்.

அன்றைக்கு அதைக் கேட்டபோது அவன் மனதில் எதுவும் இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். அந்த மூக்குக் கண்ணாடியோடு அவன் சிரித்த சிரிப்பில் கள்ளம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

கண்காட்சி அன்று காலையில், “நான் முன்னாடியே வண்டியில எல்லாத்தையும் கொண்டுபோயிச் சூடேத்தி வைக்கிறேன். நீ சேலை கசங்காம பஸ்ஸுல வா” என்றான். வால்வு சூடேற நேரம் பிடிக்கும் என்பதால் அது நல்ல யோசனையாகவே பட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்ப்ளிபயர் கொதித்துக்கொண்டிருந்தது. கலயத்தில் கல்லூரிக் கிணற்றுத் தண்ணீர். பொட்டு லைட்டு பளிச்சென்று எரிந்தது. வீட்டில் ஒரு நாளும் அப்படி எரிந்ததில்லை.

“என்னண்ணே இம்புட்டு வெளிச்சம்?” என்றேன்.

“கெணத்துத் தண்ணி ஜில்லுன்னு இருக்குத்தா” என்றான். அப்படித்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன். குளிர்ச்சி கூடினால் கரண்டும் கூடும், பாடத்தில் இருப்பதுதானே. மனசு நிறைந்துபோய் நின்றேன்.

சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் வயதானவர் என் மேசைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். ஒட்டுகளைக் குனிந்து பார்த்து, “நீயேதான் பற்றவைச்சியா?” என்று கேட்டார். விரல்களைக் காட்டினேன். சிரித்தார். துறைத் தலைவி என் முதுகில் லேசாகத் தட்டினார். சுற்றிலும் மாணவிகள், பேராசிரியைகள், வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அவர் கேட்பதற்கு முன்பே நானே சொன்னேன்: “உள்ளே பேட்டரி இருக்குமோன்னு சந்தேகம் வரலாம் சார். இப்ப அணைச்சுக் காட்டுறேன்.”

அணைத்தேன். பாட்டு நின்றது. சீக்கிரம் ஆறட்டும் என்று மேசை விசிறியை நானே ஆம்ப்ளிபயர் பக்கம் திருப்பி வைத்தேன். வால்வுகளின் சிவப்பு போயிற்று. கூட்டம் பொட்டு லைட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. அது எரிந்தது. “கொஞ்சம் பொறுங்க சார், ஆற நேரமாகும்” என்றேன். எல்லோரும் பொறுத்தார்கள். நான் வால்வைத் தொட்டுப் பார்த்தேன், ஆறிவிட்டது. தகர வளையத்தைத் தொட்டேன், கலயம் மாதிரியே ஜில்லென்று இருந்தது. பொட்டு லைட்டு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தது.

பின்னால் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். வயதானவர் மரப்பெட்டியை எடுத்துக் கவிழ்த்தார். அடிப்பலகையைத் தள்ளினார். உள்ளே இரண்டு பென்சில் பேட்டரி. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. “ரெண்டு பேட்டரி போதும்னா இவ்வளவு கம்பி எதுக்கும்மா?” என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். துறைத் தலைவி என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

நான் அண்ணனைத் தேடினேன். அவன் ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் குனிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். “அண்ணே, இது எப்படிண்ணே?” என்றேன். அவன் ஒயரை இன்னும் இறுக்கிச் சுருட்டினான்.

வண்டியில் திரும்பும்போது பழங்காநத்தம் தாண்டியதும் அழ ஆரம்பித்தான். “நான்தாந்தா வச்சேன். காலையில சூடேத்திப் பார்த்தேன், எரியவே இல்ல. வண்டி குலுங்குனதுல எங்கயோ ஒட்டு விட்டுப்போச்சு. நீ அம்புட்டுப் பேரு முன்னாடி அவமானப்படக் கூடாதுன்னுதான் வச்சேன். நீ அணைச்சுக் காட்டுவேங்கிறது அந்த அவசரத்துல மறந்துபோச்சு.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஓடுகிற வண்டியிலிருந்து குதித்திருப்பேன். “ஏங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? எரியலைன்னா எரியலைன்னு சொல்லியிருப்பேனே! இப்ப நான் திருடில்ல ஆயிட்டேன்!” என்று கத்தினேன். நாளைக்குக் கல்லூரிக்கு வந்து உண்மையைச் சொல் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டான். “சொன்னா தில்லுமுல்லுக்காரன்னு பேராகிப்போகும். எந்தக் கல்யாணத்துக்கு, எந்தக் கோயிலுக்கு என்னையக் கூப்பிடுவாங்க? எம் பொழப்பே போயிரும்த்தா. நீ சொன்னாச் சொல்லு, நான் தடுக்கல” என்றான். தடுக்கவில்லையாம்!

நான் சொல்லவில்லை. அண்ணன் என்மேல் வைத்த பாசத்தில் புத்தி கெட்டுப்போய்ச் செய்ததாக நம்பினேன். துறைத் தலைவி கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டேன். ஏமாற்றுக்காரி என்ற பெயரோடுதான் கடைசித் தேர்வை எழுதினேன். பேட்டரி என்று எனக்குப் பட்டப்பெயர்கூட வைத்திருந்தார்கள். கண்காட்சிக்கு மறுநாள் எந்த ஒட்டு விட்டது என்று பார்க்கலாம் என்றால், அதற்குள் அண்ணன் எல்லாவற்றையும் பிய்த்துக் கண்மாயில் போட்டுவிட்டிருந்தான். “பார்க்கப் பார்க்க ஒனக்கு மனசு கஷ்டப்படும்லத்தா” என்றான். அதையும் பாசம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

தை மாதம் குன்றத்திலேயே ஒரே பந்தலில் இரண்டு கல்யாணமும் நடந்தது. என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். செக்கானூரணியில் அரிசி மில் பார்த்துக்கொண்டிருந்தார், அதிர்ந்து ஒரு சொல் பேசமாட்டார். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் மில் மோட்டார் சூடாகி வாசம் வரும்போதெல்லாம் எனக்குள் என்னமோ செய்யும். எந்த ஒட்டு விட்டிருக்கும் என்று மனதுக்குள் தேட ஆரம்பித்துவிடுவேன். வளையத்தின் அடிப்பக்கத்தில் ஒரு ஒட்டு எனக்கு எப்போதும் சந்தேகம். வெங்காரம் சரியாக உருகவில்லையோ, அவசரப்பட்டு ஊதிவிட்டேனோ என்று நினைப்பேன். என் கையால்தான் கெட்டது, அண்ணன் காப்பாற்றப் பார்த்தான், அது கோணிக்கொண்டுவிட்டது. சோறு வடிக்கும்போது, துணி துவைக்கும்போது, பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோதுகூட இதே நினைப்புத்தான்.

மகளுக்கு மூன்று வயதானபோது காதுகுத்து வைத்தோம். எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் தாய்மாமன்தான் எல்லாம். சீர் கொண்டுவருவது அவன், பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வது அவன். தாய்மாமன் மடியில் உட்காராமல் ஒரு பிள்ளைக்கும் காது குத்தமாட்டார்கள். அண்ணன் மேளதாளத்தோடு தாம்பாளம் தாம்பாளமாகச் சீர் கொண்டுவந்து இறக்கினான். குலதெய்வக் கோயில் மரத்தில் குழாய் கட்டி அவனே மைக் செட்டும் போட்டிருந்தான்.

வீட்டுக்குள் மதினி என் மகளுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். மதினி என்றால் அண்ணன் பெண்டாட்டி, அந்த மாமா மகள். அவளுக்கு நான் மதினி, எனக்கு அவள் மதினி. சூதுவாது தெரியாதவள். வெளியே மேளச் சத்தம் கேட்டு, “பார்த்தீங்களா மதினி, எங்க வீட்டுக்காரரு தங்கச்சி மகளுக்கு எப்படிச் செய்யிறாருன்னு” என்று பெருமைப்பட்டாள்.

“ஒங்களுக்குச் செய்யாததா எனக்குச் செஞ்சுட்டாரு?” என்று கிண்டல் செய்தேன்.

“எனக்குச் செஞ்சதுதான் ஒங்களுக்கே தெரியுமே மதினி” என்று வெட்கப்பட்டாள். “நீங்க மெட்ராசுக்குப் போயிருந்தா எங்கப்பா என்னைய வத்தலக்குண்டுக்குத் தள்ளிவிட்டிருப்பாரு. அவரு அந்தப் பெட்டிக்குள்ள பேட்டரி வைக்கப்போயித்தான் நான் இந்த வீட்டுக்கு வந்தேன். ஒனக்காக எந்தங்கச்சி பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டேன்டின்னு சொல்லிச் சொல்லி இப்பவும் அழுவாரு. ஒங்ககிட்டயும் எல்லாத்தையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுட்டாராம்ல. நீங்க மன்னிச்சுட்டீங்கன்னு சொன்னாரு. ஒங்க மனசு யாருக்கும் வராது மதினி.”

என் மகளின் ரிப்பனைக் கட்டிக்கொண்டே சொன்னாள். நான் கேட்டுக்கொண்டே நின்றேன். நான் அணைத்துக் காட்டுவேன் என்பது அவனுக்கு மறந்துபோனதாம். கடைசியாகச் செய் என்று சொல்லிக் கொடுத்தவனுக்கு எப்படி மறக்கும்? அணைத்தால் அணையாது என்று தெரிந்துதானே வைத்தான்? என்னை என் வாயாலேயே, என் கையாலேயே மாட்டவைத்தான். இதை ஊரில் எவளாவது சொல்லியிருந்தால் அவள் கொண்டையைப் பிடித்திருப்பேன். அவன் பெண்டாட்டியே சொல்கிறாள், சந்தோஷமாகச் சொல்கிறாள்.

வெளியே போனேன். மரத்தடியில் அவன் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

“அன்னைக்குக் காலையில லைட்டு எரிஞ்சுச்சா, எரியலையா?” என்றேன்.

ஏறிட்டுப் பார்த்தவன் முகம் செத்துவிட்டது. எந்தக் காலை, எந்த லைட்டு என்று கேட்கவில்லை. “நல்ல நாளும் அதுவுமா இப்ப எதுக்குத்தா அது...”

“எரிஞ்சுச்சா, எரியலையா? அதை மட்டும் சொல்லு.”

பாட்டுச் சத்தத்தைக் குறைத்தான். நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில் குறைப்பானே, அப்படி. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

“எரிஞ்சுச்சு. நல்லாத்தான் எரிஞ்சுச்சு. எரியலைன்னா நான் எதுக்குத்தா பேட்டரி வைக்கப்போறேன்?”

எரிந்ததாம். என் ஒட்டு ஒன்றுகூட விடவில்லையாம். இத்தனை வருஷமும் நான் தேடிக்கொண்டிருந்த உடைசல் என் கம்பியில் இல்லவே இல்லை. அவன் ஒன்றும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் போதும், நான் போயிருப்பேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

கோயிலடியில் கூப்பிட்டார்கள். தாய்மாமன் வரணும், தாய்மாமன் வரணும் என்று அப்பா சத்தம் போட்டார். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்ப் பட்டுத்துண்டோடு மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மதினி என் மகளைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். காது குத்தும் ஆசாரி ஊசியைத் துடைத்தார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். குனிந்து என் மகளை அவன் மடியிலிருந்து தூக்கினேன்.

மேளம் நின்றுவிட்டது. அப்பா, “ஏத்தா, என்ன செய்யிற? கிறுக்குப் பிடிச்சிருச்சா? தாய்மாமன் மடியில்லாம எப்படிக் காது குத்துறது?” என்று பதறினார். மாமா எழுந்துவிட்டார். என் வீட்டுக்காரர் மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்பாவிடம், “அவ போக்குல விடுங்க மாமா” என்றார்.

நான் வெறும் தரையில் உட்கார்ந்து மகளை என் மடியில் வைத்துக்கொண்டேன். “எம் மடி போதும் எம் மகளுக்கு. குத்துங்கய்யா” என்றேன்.

ஆசாரி தயங்கினார். அவன் காலி மடியோடு மணையில் அப்படியே உட்கார்ந்திருந்தான். என் மகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் காதோரம் வந்து, “அம்மா, மாமா அழுவுறாரு” என்றாள்.

“அழட்டும்” என்று சொல்லி அவள் முகத்தை ஆசாரி பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.